ரீடிங்கைத் திருத்தாதீர்கள்!

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் நான் குடியிருக்கும் ஊரில் ஒரு ஜூனியர் ஹைஸ்கூல் அறிவியல் கண்காட்சிக்குச் சில வருஷமாக நடுவராகப் போய் வருகிறேன். எல்லாம் 12, 13 வயசுப் பிள்ளைகள். அதைப் பற்றிப் பேசச் சொன்னார் நம் செயலாளர்.

சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை பொங்க வைத்தால் வேடிக்கையாக இருக்கும், மார்க் விழாது. ஒரு கேள்வி வேண்டும். விடை இதுவாக இருக்கலாம் என்று முன்கூட்டியே ஓர் ஊகம் எழுத வேண்டும். பிறகு, ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பலமுறை சோதிக்க வேண்டும். நடந்ததை அன்றன்றே தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். மனிதர்களையோ விலங்குகளையோ வைத்துச் சோதனை என்றால் முன்அனுமதி அவசியம். கடைசியில் மூன்றாக மடியும் அட்டையில் எல்லாவற்றையும் ஒட்டி மேஜை மேல் நிறுத்துவார்கள். நடுவர்கள் வந்ததும் அப்பா அம்மாவெல்லாம் வெளியே! ஜெயித்தவர்கள் வட்டாரப் போட்டிக்குப் போவார்கள்.

ஒரு வருஷம் ஒரு பையன் பளபளவென்று மின்சாரக் கருவி வைத்திருந்தான். "இந்த இடத்தில் இந்த ரெசிஸ்டர் எதற்கு?" என்றேன். பதில் இல்லை. வாசலைப் பார்த்தான். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார்!

அடுத்த மேஜையில் ஒரு பெண். பாட்டுப் போட்டால் அவரைச் செடி வேகமாக வளருமா என்பது கேள்வி. பாட்டோடு 10 கப், பாட்டில்லாமல் 10 கப். வித்தியாசமே இல்லை. "என் ப்ராஜெக்ட் ஃபெயில் ஆயிடுச்சு" என்று கண் கலங்கினாள். நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஒரு பக்கத்தில், "இன்று தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு நம்ம பிசிக்ஸ் லேப் ஞாபகம் வந்தது. ஊசல் ஆட்டி 'g' கண்டுபிடிப்போமே! 980 வரவேண்டும் என்று தெரியும். வராவிட்டால் என்ன செய்தோம்? விடையிலிருந்து பின்னாடியே கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதினோம். சிரிக்கிறீர்கள்; அப்ப நான் மட்டும் இல்லை! எனக்கு முழு மார்க் கிடைத்தது. அந்தச் சிறுமியிடம் இருந்தது என்னிடம் இல்லை.

எதிர்பார்த்தது வராததும் ஒரு விடைதான். கொலராடோவில் எமிலி ரோசா என்ற சிறுமி 1996-ல் 4-ம் வகுப்புக் கண்காட்சிக்காக ஒரு சோதனை தொடங்கினாள். உடம்பைத் தொடாமலே அதன் சக்தியைக் கையால் உணர்வதாகச் சொல்லிச் சிகிச்சை தருவோர் 21 பேர். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. தங்களுடைய எந்தக் கைக்கு மேல் இவள் கை இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 தடவையில் 123 தான் சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே பாதி சரியாக வருமே! 1998-ல் அது அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் கட்டுரையாக வந்தது. அப்போது அவளுக்கு வயது 11.

நம் நாட்டிலும் 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்து வருகிறது. உங்களில் பலர் பக்கத்துப் பள்ளிகளுக்கு நடுவராகப் போகலாம். போனால் மாடலைப் பார்க்கும் முன் நோட்டைக் கேளுங்கள். வீட்டில் உங்கள் பிள்ளையோ பேரனோ ப்ராஜெக்ட் செய்தால், கத்தரிக்கோலை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். "என்னப்பா வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். 980 வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள்.