கடல் வற்றும் ஜெர்சி தீவு

பிரான்சின் நார்மண்டிக் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி, ஆங்கிலக் கால்வாயில் இருக்கிறது ஜெர்சி தீவு. அதன் தென்கிழக்கு மூலையில் லா ரோக் என்ற சின்னத் துறைமுகம். என் அக்கா குடும்பம் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஓத அட்டவணை ஒட்டியிருக்கும். காலையில் அத்தான் அதைப் பார்த்த பிறகுதான் காபியையே கையில் எடுப்பார்.

காரணம் இருக்கிறது. நம் சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர். ஜெர்சியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 12 மீட்டர் வரை போகும்! அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓதம் நார்மண்டியின் கோடன்டன் தீபகற்பத்தில் முட்டி, விலக வழியில்லாமல் செயின்ட் மாலோ வளைகுடாவுக்குள் குவிந்து உயர்கிறது.

வற்றும்போது பார்க்க வேண்டுமே! காலையில் படகு மிதந்த இடமெல்லாம் பாறையும் மணலும் குட்டையுமாகக் கிடக்கும். கரையிலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தூரத்தில் சீமோர் கோபுரம் நிற்கிறது. 1781இல் பிரெஞ்சுப் படை லா ரோக்கில் இறங்கியதற்கு மறு வருடம் கட்டியது. அந்தக் கோபுரம் வரை நடந்தே போனோம்.

வழியில் அக்கா மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “மாமா, மிதிச்சிடாதீங்க!” பாறையில் கூம்பு ஓட்டோடு லிம்பெட் என்ற கடல் நத்தை. நீர் மூடியிருக்கையில் ஊர்ந்து போய்ப் பாசி மேயும்; வற்றுமுன் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். வருடக்கணக்கில் அங்கேயே ஒட்டி ஒட்டிப் பாறையில் ஒரு வட்டத் தழும்பு. ஓட்டின் விளிம்பு அதில் இம்மி பிசகாமல் பொருந்துகிறது. குனிந்தவன் நிமிரவே வெகுநேரம் ஆயிற்று.

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து பிரென்ட் வாத்துகள் வந்து இங்கே கடற்புல் மேய்கின்றன. 2000ஆம் ஆண்டில் இந்தக் கரை உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சேர வேண்டிய இடம்தான்.

ஆனால் திரும்பும் ஓதம் பொல்லாதது. முன்னால் அலை வருகிறதா என்று நாம் பார்த்துக்கொண்டிருப்போம். அது ஓடைகள் வழியே முதுகுக்குப் பின்னால் புகுந்து கரைக்குப் போகும் பாதையை வெட்டிவிடும். தீவின் மறுகோடியில், 1874இல் விளக்கேற்றிய கோர்பியேர் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் நடைபாதை நீரில் மூழ்குமுன் சங்கு ஊதி எச்சரிக்கிறார்கள். 1946இல் அங்கே ஓதத்தில் சிக்கிய ஒருவரைக் காப்பாற்றப் போன கலங்கரை விளக்கக் காவலர் பீட்டர் லார்பலெஸ்டியர் உயிரையே விட்டார். அவர் பெயர் பொறித்த கல் அங்கே இருக்கிறது. நின்று வணங்கிவிட்டு வந்தேன்.

ஜெர்சிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், நேயர்களே, முதலில் அன்றைய ஓத நேரத்தைக் கேளுங்கள். வழி தெரிந்தவர் துணையில்லாமல் சீமோர் கோபுரம் பக்கம் போகாதீர்கள். கடல் முழுக்க வற்றட்டும் என்று காத்திராமல், அதற்கு முன்பே கரைக்குத் திரும்பிவிடுங்கள்.