ராஜத்துரோகம் யாருக்குத் துரோகம்?

(தூத்துக்குடிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)

தோழர்களே! இந்தக் கடற்கரையில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கினார்கள். அது அவர்கள் பிழைப்பு. ஆனால் கரையில் நிற்பவனைப் பார்த்து "வாயை அடக்கு" என்று ஒரு சட்டம் சொல்லிற்றே, அது யாருடைய பிழைப்புக்காக என்பதையே இன்று நாம் யோசிக்க வேண்டும்.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908 பிப்ரவரியில் இவ்வூர் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். தொழிலாளிகள் கேட்டது ராஜ்யமல்ல. கூலி உயர்வும் வார ஓய்வுமே. மார்ச் 12-ந் தேதி அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின. கலகம் வந்தது அவர் பேசியதாலா, அவரைப் பிடித்ததாலா? தேதியைப் பார்த்தால் குழந்தைக்குக்கூட விளங்கும்.

ஆனாலும் ஜூலை 7-ந் தேதி ஜட்ஜு பின்ஹே, பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனையும், சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனையும் விதித்தார். ஒரு மனிதனுக்கு எத்தனை ஆயுள் உண்டென்று எண்ணிப் பார்க்கவில்லை போலும்! ஐகோர்ட்டு அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. வக்கீலாயிருந்தவர் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். இவ்வளவுக்கும் ஆதாரம் 1870-ல் சேர்க்கப்பட்ட 124-ஏ பிரிவு. சர்க்கார்மேல் வெறுப்பு உண்டாக்குவதே அதன்படி குற்றம். யோக்கியமான சர்க்காரை எவன் பேச்சைக் கேட்டு யார் வெறுக்கப் போகிறார்கள்?

அடிமை நாட்டில்தானே இந்த அக்கிரமம் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் பேச்சுரிமை 1791 முதல் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும், 1918-ல் யுத்தத்தைக் கண்டித்துப் பேசிய தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருஷம் தண்டனை. 1919-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. சிறையிலிருந்தபடியே 1920-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். 1921 டிசம்பரில்தான் விடுதலை.

ஆகவே, ஏட்டில் உரிமை இருந்தால் மட்டும் போதாது. 1969-ல் பிராண்டன்பர்க் வழக்கில்தான் அதே கோர்ட்டு, உடனே சட்டத்தை மீறத் தூண்டுவதாயும், அப்படி நடக்கக் கூடியதாயும் இருந்தாலொழியப் பேச்சைத் தண்டிக்கக் கூடாதென்றது. அவ்வழக்கில் ஜெயித்தவன் யார் தெரியுமா? கறுப்பு மக்களை வதைத்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் தலைவன். தொழிலாளிக்காகப் பேசியவன் சிறைக்குப் போனான். நிறவெறியன் தப்பினான் என்று நமக்கு ஆத்திரம் வரலாம். ஆனால் நமக்குப் பிடித்தவனுக்கு மட்டும் கொடுப்பது உரிமையல்ல, சலுகை. அவனுடைய இழிந்த கருத்தைக் கருத்தால் வெல்ல வேண்டுமேயொழிய, அதற்காகச் சர்க்கார் கையில் பூட்டைக் கொடுத்தால், நாளை அது நம் வாய்க்கே வரும்.

நம் நாட்டில் என்ன நடந்தது? வெள்ளைக்காரன் போனான், 124-ஏ போகவில்லை. 1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, பலாத்காரத்தையோ ஒழுங்கீனத்தையோ தூண்டும் பேச்சுக்கே அது பொருந்துமென்று குறுக்கியது. 2022 மே 11-ந் தேதி நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டமே போய், நியாய சம்ஹிதையின் 152-ம் பிரிவு வந்திருக்கிறது. துரோகம் என்ற பெயர் இல்லை. நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து என்கிறது. ஆயுள் தண்டனை மட்டும் அப்படியே இருக்கிறது.

தோழர்களே! சட்டம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் எழுதியது, மனிதனால் மாற்றக்கூடியது. இனி எவனையாவது துரோகி என்று சொன்னால், அவன் பேசிய வார்த்தை எது, அதனால் நேர்ந்த கேடு எது, யாருக்கு நஷ்டம் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் வராவிட்டால், துரோகி கூண்டில் நிற்பவனல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.