ஏ பக்கமும் பி பக்கமும்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



நூல் விலை, டாலர் விலை, சாயப்பட்டறைத் தண்ணி - இதையெல்லாம் பேச நம்ம திருப்பூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எல்.ஆர். ஈஸ்வரியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். விழாக் குழு நண்பர் ஒருவர் சிரித்துவிட்டு, "காலேஜ் மேடையில அந்தப் பாட்டெல்லாமுங்களா?" என்று கேட்டார். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

1980-களில் வெறும் கேசட்டையும் பாட்டு எழுதின சீட்டையும் கொடுத்தால் ரிக்கார்டிங் சென்டரில் பதிவு செய்து தருவார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படிப் பதிந்த அறுபது நிமிஷக் கேசட் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. முழுக்க ஈஸ்வரி. ஏ பக்கம் மெதுவான பாட்டு, பி பக்கம் துள்ளல் பாட்டு. சீட்டு எழுதியது என் அக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, பனியன் கம்பெனிக்குக் கைமடியாகப் போய், பிறகு ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள். அவள் சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் நான் இந்தக் கல்லூரியில் பீஸ் கட்டினேன்.

ஏ பக்கத்தில் முதல் பாட்டு 'வெள்ளி விழா' படத்தின் 'காதோடுதான்'. 1972, இசை வி. குமார். மைக்கிடம் ரகசியம் சொல்கிற மாதிரி, குரலை எங்கேயும் ஏற்றாமல் பாடியிருப்பார். சத்தம் போட்டுப் பாடுவது சுலபமுங்க. குரலை அடக்கி, சுதி விலகாமல், மூச்சுச் சத்தத்தையும் பாட்டாக்குவது லேசில்லை. அடுத்தது 'பாசமலர்' படத்தின் 'வாராயென் தோழி'. 1961-ல் வந்த அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்காத கல்யாணம் அன்றைக்கு உண்டா?

கேசட்டைத் திருப்பினால் ஆளே வேறு. 'முத்துக் குளிக்க' பாட்டில் தூத்துக்குடிக் கடற்கரைக்காரி. 'எலந்தப் பயம்' பாட்டில் தெருவில் கூவி விற்கிறவள். ஒன்று 1967, மற்றது 1968. ஒன்று விஸ்வநாதன், மற்றது கே.வி. மகாதேவன். 1969-ல் 'சிவந்த மண்' படத்தின் 'பட்டத்து ராணி'யில் சவுக்கடிக்கு நடுவே பாடுகிற பெண். அந்த வலியும் திமிரும் இரண்டும் ஒரே குரலில் வரும். இந்த ஒரு பாட்டுக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம் என்பாள் அக்கா. எனக்கும் அதே கட்சிதான்.

ஆனால் பி பக்கத்தை எங்கள் வீட்டில் போடக் கூடாது. "கிளப்பு டான்ஸ் பாட்டு, பொட்டப்புள்ள இருக்கற வீட்ல" என்பார் அப்பா. அப்பா கடைவீதிக்குப் போன பிறகுதான் கேசட் திரும்பும். இத்தனைக்கும் வீட்டுக்குச் சோறு போட்டதே அந்தப் பொட்டப்புள்ளையின் கைதான்!

வேடிக்கை என்னவென்றால், மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு என்றால் விடிகாலை நாலு மணிக்கே குழாய் ஸ்பீக்கரில் அதே குரல் வரும். 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே'. அப்பா எழுந்து உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார். அக்கா அப்போது வாய்விட்டுக் கூடவே பாடுவாள், யாரும் தடுக்க மாட்டார்கள். "இதும் அவிகதானுங்கப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். அப்பா பதில் பேசவில்லை. அடுத்த வாரமும் பி பக்கத்துக்குத் தடைதான்.

அந்த அம்மன் பாட்டுகளைப் பாடியவர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது இயற்பெயர். தாயாரும் கோரஸ் பாடகி. மகளும் கோரஸில்தான் தொடங்கினார். தனியாகப் பாட வைத்தவர் கே.வி. மகாதேவன், 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில். அதன் பிறகு கதாநாயகி பாட்டு பெரும்பாலும் சுசீலா அம்மாவுக்கு. தோழி, குறத்தி, கவர்ச்சி நடனக்காரி பாட்டு இவருக்கு. சுசீலா அம்மாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாத்திரத்துக்கு ஒட்டிய முத்திரையைப் பாடினவர் மேலும் ஒட்டிவிட்டார்களே, அதுதான் என் வருத்தம். 'காதோடுதான்' பாடிய குரலுக்கு அந்த மாதிரி இன்னும் ஐம்பது பாட்டாவது கொடுத்திருக்க வேண்டாமா? 1970-களின் பிற்பகுதியில் சினிமா வாய்ப்பு குறைந்தது. பக்திப் பாட்டும் மேடைக் கச்சேரியும் கைகொடுத்தன.

2011-ல் 'ஒஸ்தி' படத்தில் தமன் இசையில் 'கலாசலா' பாடினார். எழுபதைத் தாண்டிய வயது. என் பேத்தி அதற்கு ஆடினாள். அப்பா அப்போது இல்லை. அக்கா இருந்தாள். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "சுதி கொஞ்சமும் இறங்கலடா" என்றாள்.

கேசட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். போட்டுக்காட்ட டேப் ரிக்கார்டரும் ஒரு நண்பர் எடுத்து வந்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பி பக்கத்தைப் போடுகிறோம். அக்கா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.