எழுத்தை எண்ணத் தெரியாத கருவி

(மின்வழிப் பாடம் ஆக்கும் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



ஓர் ஆசிரியர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மின்காப்புப் பாடம் ஒன்றைக் கணினியில் ஆக்குகின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் கீழே ஒரு சிறு கட்டம். அக் கட்டத்தில் முப்பது எழுத்தே எழுதலாம் என்பது கருவியின் வரம்பு. ஆசிரியர் எழுதுகின்றார்: ‘ஈரக்கையால் மின்கம்பியைத் தொடலாகாது’. விரல்விட்டு எண்ணுகின்றார். முதற்சொல் ஆறெழுத்து, இரண்டாஞ்சொல் ஏழெழுத்து, மூன்றாஞ்சொல் ஐந்தெழுத்து, ஆகப் பதினெட்டு. இடைவெளி இரண்டையும் கூட்டினால் இருபது. முப்பதுக்குள் அடங்கிவிட்டது என்ற நிறைவோடு பாடத்தை அனுப்பிவிடுகின்றார்.

பிள்ளையின் திரையில் தோன்றுவது எது? ‘ஈரக்கையால் மின்கம்பியைத் தொடலா’. அவ்வளவே! எஞ்சிய ஈரெழுத்தும் வெட்டுண்டு போயின. குறையாக நிற்கும் அச் சொல்லைப் பிள்ளை எவ்வாறு நிறைத்துக்கொள்ளும்? ‘தொடலாம்’ என்றன்றோ? காக்க வந்த பாடமே கொல்ல வந்த பாடமாகிவிட்டது!

ஆசிரியர் புனைந்துரையில் வருபவர்தாம், கணக்கோ மெய். கருவி அத் தொடரை இருபது என்று எண்ணவில்லை; முப்பத்துநான்கு என்று எண்ணிற்று. முப்பதாம் இடத்தில் கத்தரியை வைத்தது. அந்த இடம் ‘லா’வில் வந்து முடிந்தது. தமிழாசிரியர்க்குத் தெரிந்த எழுத்தெண்ணிக்கை ஒன்று. கருவிக்குத் தெரிந்த எழுத்தெண்ணிக்கை வேறொன்று. இவ் வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதனால் வரும் கேடு யாது, அதனை நீக்கும் வழி யாது என்னும் மூன்றுமே இவ்வுரையின் பொருள்.

முதலாவது, வேறுபாட்டின் பிறப்பு.

உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. ஆக இருநூற்று நாற்பத்தேழு என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த கணக்கு. ‘மி’ என்பது ஓரெழுத்து. ‘ழ்’ என்பதும் ஓரெழுத்து. 1991 ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியோ, இந்திய அரசு 1988 இல் வகுத்த ‘இசுக்கி’ முறையைத் தழுவித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அம் முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனிக் குறியெண் இல்லை. அகரமேறிய ‘ம’வுக்கு ஒரு குறியெண், இகரக் குறிக்கு மற்றொரு குறியெண், ஆக ‘மி’ இரண்டு. மெய்யெழுத்தின் நிலைமை இன்னும் வியப்புக்குரியது. இலக்கணப்படி மெய்யே முதல். அதில் உயிர் ஏறியே உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியிலோ ‘ழ’ முதல். அதன்மேல் புள்ளி ஏறி ‘ழ்’ ஆகும். ஆகவே புள்ளி பெற்ற ஒவ்வொரு மெய்யும் இரண்டு. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்து கருவியின் கணக்கில் ஐந்து.

இத்துடன் முடியவில்லை. குறியெண்களைச் சேமிப்பதற்கும் அனுப்புவதற்கும் இன்று பெருவழக்காக உள்ள யு.டி.எஃப். 8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு ‘பைட்டு’ போதும். தமிழ்க் குறியெண் ஒன்றிற்கு மூன்று பைட்டு வேண்டும். எனவே ‘தமிழ்’ என்னுஞ் சொல்லுக்குப் பதினைந்து பைட்டு. ‘உயிர்மெய்யெழுத்துகள்’ என்னும் பதினோரெழுத்துச் சொல், குறியெண்ணால் எண்ணினால் இருபது. பைட்டால் எண்ணினால் அறுபது. முன்சொன்ன முப்பது என்னும் வரம்பைப் பைட்டால் அளக்கும் கருவியாக இருந்தால், அக் கட்டத்தில் ‘ஈரக்கையால்’ என்னும் ஒரு சொல்லே எஞ்சும். எதனை, என்ன செய்யலாகாது என்பதெல்லாம் காற்றோடு போகும்.

இரண்டாவது, இவ் வரம்புகளை வகுத்தவர் யார், எம்மொழியை மனத்திற்கொண்டு வகுத்தனர் என்பது.

கைப்பேசிக் குறுஞ்செய்தியின் பிறப்பு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1985 ஆம் ஆண்டு செருமனியின் பான் நகரில் பிரீடெல்ம் இல்லப்பிராண்டு என்னும் பொறிஞர் தட்டச்சுப் பொறியில் தமக்குத் தோன்றிய தொடர்களையும் வினாக்களையும் அடித்து, எழுத்துகளையும் இடைவெளிகளையும் எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை நூற்றறுபதுக்குள் அடங்கின. அதுவே அளவாயிற்று. ஒருங்குறியில் எழுதும் மொழிகளுக்கு அதே செய்தியில் கிடைப்பன எழுபது இடங்களே; தமிழுக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்து. தம் மொழித் தொடரை எண்ணித் தம் மொழிக்கு அளவு கண்டவர்மீது குற்றமில்லை. அவ்வளவையே உலக மொழிகள் அனைத்திற்கும் உரிய அளவாகக் கொண்டமைதான் குறை.

மின்வழிக் கற்றலிலும் இதுவே நிகழ்ந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியாக 1997 இல் தொடங்கிய திட்டம் ஒன்று, பாடங்களுக்கும் கற்றல் மேலாண்மை அமைப்புகளுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு ‘இசுகார்ம்’ என்னும் பொதுநெறியை வகுத்தது. 2001 இல் வந்த அதன் 1.2 ஆம் பதிப்பு இன்றும் பல இடங்களில் வழக்கில் உள்ளது. அதில் குறுஞ்சரத்திற்கு வரம்பு 255; நெடுஞ்சரத்திற்கு வரம்பு 4096. அச் சரங்கள் ‘ஆசுக்கி’ எழுத்துகளால் ஆனவை என்றே அப் பதிப்பு வரையறுத்தது. ‘ஆசுக்கி’ என்பது ஆங்கில எழுத்துக்கான குறியேற்றம். அந் நெறியின் ஏட்டில் தமிழுக்கு மட்டுமன்று, சீனத்திற்கும் அரபுக்கும் உருசியத்திற்கும்கூட இடமில்லை! 2004 ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய அடுத்த வகையே உலக எழுத்துகள் அனைத்தையும் ஏற்றது. அதிலும் கோடிட்ட இடம் நிரப்பும் விடைக்கு 250 இடங்களையேனும் ஓர் அமைப்பு ஏற்கவேண்டும் என்பதே கட்டளை. அதனை மேல்வரம்பாகவே கொண்டுவிடும் அமைப்பில் தமிழ் மாணவர்க்குக் கிடைப்பன ஏறத்தாழ நூற்று நாற்பது எழுத்து.

இனி, கேட்போர் உள்ளத்தைத் தொடவேண்டிய இடம் ஒன்றுண்டு. பாடத்தை இடையில் நிறுத்திச் சென்ற மாணவர் மறுநாள் திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டுமன்றோ? அதற்காக, எப்பக்கம் வரை படித்தார், எவ்வினாவிற்கு எவ்விடை தந்தார் என்பனவற்றைப் பாடம் ஒரே சரமாகக் கோத்து மேலாண்மை அமைப்பிடம் ஒப்படைக்கும். 1.2 ஆம் பதிப்பில் இச் சரத்திற்கே 4096 என்னும் வரம்பு. 2006 இல் வந்த 2004 வகையின் மூன்றாம் பதிப்பு அதனை 64000 ஆக உயர்த்தியது. மாணவர் தமிழில் தட்டிய விடையைச் சில கருவிகள் வலைமுகவரிக்குரிய விழுக்காட்டுக் குறி முறையில் மாற்றிச் சேர்க்கின்றன. அவ்வாறு மாற்றினால் தமிழ்க் குறியெண் ஒன்று ஒன்பது இடங்களைக் கவ்வும். ஆங்கில எழுத்து ஓரிடமே கொள்ளும். அக் கணக்கில் 4096 இடத்தில் ஆங்கில மாணவர் நாலாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்து எழுதலாம். தமிழ் மாணவர் ஏறத்தாழ 250 எழுத்தே எழுதலாம். அதனைக் கடந்தால் சரம் சேமிக்கப்படாது போகலாம். மறுநாள் பாடம் முதற்பக்கத்திலிருந்தே தொடங்கலாம். தாய்மொழியில் விரித்தெழுதிய மாணவர்க்குக் கிடைத்த பரிசு, படித்ததையே மீண்டும் படிப்பது! அவர் அடுத்த முறை என்ன செய்வார்? குறைத்து எழுதுவார், அல்லது ஆங்கிலத்தில் எழுதுவார். எவரும் தடை போடாமலே தமிழ் அங்கே பின்வாங்கிவிடும்.

மூன்றாவது, தமிழின் அமைப்பால் வெட்டு ஏன் கொடியதாகின்றது என்பது.

ஆங்கிலத்தில் ‘செய்யாதே’ என்னும் விலக்கு தொடரின் முகத்திலேயே நிற்கும். வாலை வெட்டினாலும் விலக்கு எஞ்சும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதே இயல்பு. எதிர்மறையோ அவ் வினைமுற்றின் உள்ளே, அதன் இறுதியை ஒட்டி நிற்கும். செய்வான், செய்யான், உண்டு, இல்லை, ஆகும், ஆகாது என உடன்பாடும் மறையும் பிரிவது தொடரின் கடைசி ஓரிரண்டு எழுத்திலேதான். அவ் வாலில்தான் தொடரின் உயிர் இருக்கின்றது. ஆங்கிலத் தொடரை வெட்டினால் விளக்கம் குறையும். தமிழ்த் தொடரை வெட்டினால் பொருளே தலைகீழாகும். மருத்துவப் பாடத்திலும், தொழிற்கூடப் பாடத்திலும், தேர்வு வினாவிலும் இஃது எத்துணைப் பெரிய இடர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதைக் கண்டு, ‘தமிழ் நீளமான மொழி, சுருக்கமாகச் சொல்ல ஆங்கிலச் சொல்லைப் போடுங்கள்’ என்று அறிவுரை கூறுவாரும் உளர். அவர் கூற்றையும் எண்ணியே பார்ப்போர்க்கு விடை கிடைக்கும். ‘கணினி’ மூன்றெழுத்து, ஐந்து குறியெண். ‘கம்ப்யூட்டர்’ ஏழெழுத்து; பன்னிரண்டு குறியெண். ‘மின்’ ஈரெழுத்து, நான்கு குறியெண். ‘எலக்ட்ரிசிட்டி’ எட்டெழுத்து, பதினான்கு குறியெண். புள்ளி மிகுந்த அயற்சொல்லே கட்டத்தை அடைக்கின்றது. எல்லாச் சொற்கும் இப்படி என்று மிகைபடக் கூறவேண்டுவதில்லை. ‘கடவுச்சொல்’ ஆறெழுத்து, ‘பாசுவேர்டு’ ஐந்தெழுத்து, குறியெண் இரண்டிற்கும் பத்தே. இடமிச்சத்திற்காகத் தமிழ்ச்சொல்லைக் கைவிடக் கரணியம் ஏதுமில்லை என்பதே இதனால் பெறப்படும் முடிபு.

வரம்பு வைப்பதே தவறு என்றும் கொள்ளற்க. ஈரடியில் எழுசீரில் அறத்தை அடக்கிக் காட்டிய மொழிக்கு வரம்பு பகையன்று. அடியையும் சீரையும் வகுத்தவர்கள் தமிழின் ஓசையை அளந்து வகுத்தார்கள். ஆதலின் அவ் வரம்பு அழகாயிற்று. அளவில் குற்றமில்லை, அளவுகோலில்தான் குற்றம்.

ஆயின் செய்யவேண்டுவன யாவை?

கருவி வாங்கும் பள்ளியும் கல்லூரியும் அரசும் கேட்கவேண்டிய முதல் வினா இது: ‘உங்கள் கட்டம் எதனை எண்ணுகின்றது? பைட்டையா, குறியெண்ணையா, எழுத்தையா?’ எழுத்தை எண்ணுவது இயலாததன்று. மாந்தர் ஓரெழுத்தாகக் காணும் தொகுதியை எவ்வாறு பிரித்தெண்ணுவது என்பதற்கு ஒருங்குறி அமைப்பே தன் 29 ஆம் இணைப்பில் நெறி வகுத்துள்ளது. 2014 இல் வெளிவந்த ‘சுவிப்ட்டு’ என்னும் நிரல்மொழியில் ‘தமிழ்’ என்பதன் நீளத்தைக் கேட்டால் மூன்று என்றே விடை வரும். வலையுலாவிகளிலும் இவ்வாறு எண்ணும் ஏந்து வந்துவிட்டது. தமிழ்நாட்டரசு 2010 இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற பதினாறு இருமத் தமிழ்க் குறியேற்றத்தில் எழுத்து ஒவ்வொன்றிற்கும் தனிக் குறியெண்ணே உண்டு. அஃது ஒருங்குறியின் பொதுவிடத்தில் அன்றித் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் எங்கும் பரவவில்லை. ஆகவே இன்று கைக்கெட்டும் வழி, இருக்கும் ஒருங்குறியை எழுத்தளவில் எண்ணச் செய்வதே.

இரண்டாவது, கருவி வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் சொல்லின் எல்லையில் வெட்டட்டும். வெட்டியதைக் காட்டும் குறியையும் இடட்டும். ஓசையின்றி வெட்டும் கருவியைவிட, ‘இடம் போதாது’ என்று மறுக்கும் கருவி ஆயிரம் மடங்கு நன்று.

மூன்றாவது, ஆசிரியரின் கடமை. கருவி திருந்தும்வரை, கட்டம் சொல்லும் எண்ணில் பாதியே தமக்குரியது என்று கொள்ளுக. பாடத்தைப் பிள்ளை பார்க்கும் திரையிலேயே ஒருமுறை முழுதும் பார்த்தபின் அனுப்புக. விலக்கும் எச்சரிக்கையும் வரும் இடத்தில் வினையை முன்னே வைக்குக. ‘தொடாதீர்! ஈரக்கையால் மின்கம்பியை’ என்றால் எங்கே வெட்டினாலும் உயிர் காக்கும் சொல் நிற்கும். சொல்லை இடம் மாற்றிவைக்க இசைவது தமிழின் இயல்பு. அவ் வளத்தைப் பயன்கொள்ளுக.

காலுக்கேற்பச் செருப்பைத் தைப்பது அறிவு. செருப்புக்கேற்பக் காலைச் செதுக்குவது அறியாமை. முப்பது என்னும் கட்டத்துக்குள் தமிழைச் செதுக்கும் வேலையை எந்த ஆசிரியரும் ஏற்கவேண்டா. எழுத்தைத் தமிழ்முறையில் எண்ணுக என்று கருவிக்குக் கற்பிக்கும் வேலையை ஒவ்வோர் ஆசிரியரும் ஏற்கட்டும். முதல் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தெண்ணக் கற்றுத்தருவோர்க்கு, ஒரு பொறிக்குக் கற்றுத்தருவது அரிதன்று.

தமிழ் வெல்க!