போல்ட்டைப் பார்க்காத கண்

கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே,

இன்று முதல் நீங்கள் தொழில்சார் மறுவாழ்வு ஆலோசகர்கள். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் நம் தொழிலையும் ஏற்றுப் பதிவேட்டில் வைத்திருக்கிறது. சொந்தக்காரர்களுக்கு விளக்குவதுதான் கஷ்டம். என் சித்தப்பா இருபது வருடமாக என்னை "வேலை வாங்கித் தர்ற பையன்" என்றே அறிமுகப்படுத்துகிறார். நடுவில் இரண்டு சிபாரிசுகளும் வந்தன.

என்ன செய்கிறோம் என்று சொல்வதைவிட, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஒரு பட்டறைக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன். போல்ட் செய்கிற சின்ன யூனிட். பூந்தமல்லிப் பக்கத்தைச் சேர்ந்த, பார்வை முழுவதும் இல்லாத ஓர் இளைஞனுக்காகப் போயிருந்தேன். அந்தக் காலத்தில் பார்வையற்றவர் என்றால் டெலிபோன் ஆபரேட்டர், இல்லையென்றால் பிரம்பு நாற்காலி பின்னுதல் என்று எங்கள் கை தானாக எழுதிவிடும். எக்ஸ்சேஞ்சுகள் தானியங்கி ஆயின, ஆபரேட்டர் போனார். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, பிரம்பு போயிற்று. எங்கள் படிவம் மட்டும் அப்படியே இருந்தது.

"கண்ணு தெரியாம எப்படி சார் செக் பண்ணுவான்?" என்றார் ஃபோர்மேன். கேட்டபடியே, போல்ட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ரிங் கேஜில் திருகிக்கொண்டிருந்தார். 'கோ' வளையத்தில் முழுக்க ஏற வேண்டும், 'நோ கோ'வில் இரண்டாம் சுற்றிலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை. முகம் என் பக்கம். தப்பான போல்ட் வந்ததும், திரும்பிப் பார்க்காமலே இடதுபக்கத் தட்டில் போட்டார். "அண்ணே, நீங்க ஒரு போல்ட்டைக்கூடப் பார்க்கலையே" என்றேன். கையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பையனுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

வேலையை இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பணிப் பகுப்பாய்வு என்று பெயர். விரல் செய்வது எது, காது செய்வது எது, கண் சும்மா கூட வருவது எங்கே என்று பட்டறையில் நின்று பார்க்க வேண்டும். ஆள் பற்றிய மருத்துவச் சான்றிதழில் சதவீதம் இருக்கும். வேலைக்கு அப்படிச் சான்றிதழ் கிடையாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

கதை இன்னும் முடியவில்லை. ஐந்தாம் நாள் பையன் வரவில்லை. வேலை பிடிக்கவில்லை போல, வீட்டில் செல்லம் போல என்று கோப்பில் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். எதற்கும் நேரில் போனேன். அவன் அம்மா முழங்காலைக் காட்டச் சொன்னார். பஸ் ஸ்டாப்புக்கும் பட்டறைக்கும் நடுவே கேபிளுக்காகத் தோண்டிய பள்ளம். மறுபக்கம் வரிசையாக லாரிகள். மேசையின் உயரத்தை டேப் வைத்து அளந்த நான் அந்த முந்நூறடியை நடந்து பார்க்கவில்லை. "வேலைக்குப் போனா உதவித்தொகை நின்னுடுமா?" என்று அந்த அம்மா கேட்டார். அதற்கும் நான் தயாராகப் போகவில்லை.

இன்னொரு வகை ஆட்களும் உங்களிடம் வருவார்கள். பவர் பிரஸ்ஸில் விரல்களை விட்டவர்கள். அப்படி ஒருவர் முதல் மூன்று சந்திப்புகளிலும் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. நான்காவது தடவை, டை எனும் அச்சு சரியாக உட்காராவிட்டால் பிரஸ்ஸின் சத்தம் எப்படி மாறும் என்று விளக்கும்போது, மறதியாகக் கை வெளியே வந்தது. பதினைந்து வருட அனுபவம் அந்தக் காதில் இருந்தது. டை செட்டிங் சொல்லிக்கொடுக்கிறவராக அவரை எழுதினேன். அந்த மூன்று சந்திப்புகளில் வாயை மூடிக்கொண்டிருந்தது, நான் படித்த எந்தப் பாடத்தையும்விடக் கடினம்.

சட்டத்தையும் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 20ஆம் பிரிவின்படி, பணியில் இருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். ஆவடியில் அரசுத் தொழிற்சாலை ஊழியருக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்டலாம். சில ஸ்டேஷன் தள்ளி, அம்பத்தூரின் தனியார் பட்டறையில் கான்ட்ராக்டில் இருக்கிறவருக்குப் படித்துக் காட்ட அந்தப் பிரிவு உதவாது. அங்கே ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டோடு தொழில்சார் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் அதில் வழி உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. சில முதலாளிகளுக்குத் தெரிந்தும் தெரியாது.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பள்ளம் மூடும்வரை, அதே ஷிப்ட்டில் இருந்த ஒரு பேக்கிங் அக்கா பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து கூட்டிப் போனார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மூன்றாவது வாரம் கோல் தட்டித் தனியாக வந்து, அக்காவுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். அவர் ஸ்டாப்பில் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு வந்து அவனைத் திட்டிய திட்டு, பிரஸ் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.