இளங்கலையில் கோட்பாட்டு இயற்பியல்: ஒரு பழைய வழக்கு

    இன்றைய வழக்கு இந்த அவையில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான். அவர்களில் சிலர் எதிர்த்தரப்பு.

கோட்பாட்டு இயற்பியலை பி.எஸ்சி.யிலேயே தனிப் பட்டமாகப் படிக்க விடலாமா என்பது கேள்வி. கூடாது என்பதே நம் பாடத்திட்டக் குழுக்களில் நெடுங்காலமாக மேலோங்கி நிற்கும் கருத்து. முதலில் எல்லா இயற்பியலும் படிக்கட்டும், சோதனைக்கூடத்தில் கை பழகட்டும், கோட்பாட்டை எம்.எஸ்சி.யில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோட்பாட்டு இயற்பியல் துறையே கிண்டி வளாகத்தில் முதுகலைக்குத்தான் இருக்கிறது. முதுகலைவரை காக்கவைப்பது மிகவும் தாமதம் என்பது என் கட்சி. தங்கள் தரப்புக்கு எதிர்த்தரப்பு நண்பர்கள் தவறாமல் அழைத்துவரும் சாட்சி, வானியற்பியலாளர் சந்திரசேகர். சாதாரண இயற்பியல் ஆனர்ஸ் படித்தவர்தானே, அவருக்கு எந்தத் தனிப் பட்டம் தேவைப்பட்டது என்று கேட்கிறார்கள். அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு அனுமதி வேண்டும்.

அவர் குடும்பம் வாழ்ந்த ‘சந்திர விலாஸ்’ அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், ராயப்பேட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. 1925 முதல் 1930 வரை அவர் படித்தது மாநிலக் கல்லூரியில். அவருடைய விருப்பம் கணிதம்; தந்தை சொன்னது இயற்பியல். பெயரை இயற்பியல் ஆனர்ஸில் பதிந்துகொண்டு கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். அணு அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும் பற்றி ஜெர்மானிய அறிஞர் சோமர்ஃபெல்ட் எழுதிய பெருநூலைத் தாமாகவே படித்து முடித்தார். 1928 இல் அந்த சோமர்ஃபெல்டே சென்னைக்கு வந்தார். தேடிப் போய்ச் சந்தித்த மாணவரிடம், நீ படித்த குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் டிராக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார். உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றித் தாம் எழுதிய, இன்னும் அச்சேறாத கட்டுரையின் மெய்ப்புத் தாள்களையும் கொடுத்தார். ஃபெர்மியும் டிராக்கும் 1926 இல் தந்த புதிய புள்ளியியல் அதில் கையாளப்பட்டிருந்தது. சில மாதங்களுக்குள் சந்திரசேகர் அதே புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜின் ஃபௌலர் வழியாக அது 1929 இல் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. எழுதியவர் அப்போதும் இளங்கலை மாணவர்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, வெண்குறுமீன்கள் எனப்படும் சுருங்கி அடர்ந்த நட்சத்திரங்களின் நிறை பற்றி அவர் போட்ட கணக்கு எல்லோருக்கும் தெரியும். அதற்கு என்னென்ன மூலப்பொருள்கள் தேவைப்பட்டன என்று எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்களின் அழுத்தமே வெண்குறுமீனைத் தாங்குகிறது என்று ஃபௌலர் 1926 இலேயே காட்டியிருந்தார். அவர் கணக்கில் அந்த அழுத்தம் அடர்த்தியின் 5/3 என்ற அடுக்கில் ஏறும். நட்சத்திரத்தின் மையத்தில் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும் என்பதைச் சந்திரசேகர் சேர்த்துக்கொண்டார். உடனே அடுக்கு 4/3 ஆகக் குறைகிறது; நிறை இவ்வளவுக்கு மேல் போக முடியாது என்ற எல்லை சமன்பாட்டிலிருந்து தானாக வெளிவருகிறது. முதலில் கிடைத்தது சூரியனின் நிறையில் 0.91 மடங்கு. இன்று நாம் சொல்லும் 1.4, நட்சத்திரம் எந்தத் தனிமங்களால் ஆனது என்ற அனுமானம் மாறியதால் வந்தது, கோட்பாடு மாறவில்லை. ஆக, இந்தக் கணக்குக்கு வேண்டியவை மூன்று: புதிய புள்ளியியல், சிறப்புச் சார்பியல், வானியலாளர் எடிங்டனின் நூலில் இருந்த நட்சத்திர அமைப்புச் சமன்பாடுகள். மூன்றும் சென்னையை விட்டுப் புறப்படும்போதே அவர் கையில் இருந்தன. மூன்றில் எதையும் கரும்பலகையின் முன் உட்கார்ந்து அவர் கற்றதாகத் தெரியவில்லை. கல்லூரி தந்தது நூல்களும், ஒரே பாடத்தில் மூன்றாண்டு ஊறும் அவகாசமும், கணித வகுப்பின் திறந்த கதவும்தான். பெயர் எதுவானாலும், அவர் படித்துக்கொண்டது கோட்பாட்டு இயற்பியல் பட்டம். நண்பர்களின் சாட்சி என் பக்கம் பேசுகிறார்.

மேதையை வைத்துப் பாடத்திட்டம் வகுக்க முடியுமா என்பது அடுத்த ஆட்சேபம். முடியாது. ஆனால் மேதைக்குக் கிடைத்த அவகாசம் இன்றைய நல்ல மாணவருக்கு ஏன் இல்லை என்று கேட்கலாம் அல்லவா? பழைய ஆனர்ஸ் போய்விட்டது. கணிதம் அலைடு பாடமாகிவிட்டது. அதை வேறு துறை நடத்துகிறது, தொடக்க ஆண்டுகளோடு அது முடிந்தும் விடுகிறது. குவாண்டம் இயங்கியல் கடைசி ஆண்டில் வரும்போது அதற்கு வேண்டிய கணிதம் பாதி மறந்து, பாதி கற்பிக்கப்படாமலே இருக்கிறது. இதற்கு மறுப்பாக, டிராக் பொறியியல் படித்தவர்தானே என்பார்கள். 1921 இல் பிரிஸ்டலில் மின்பொறியியல் முடித்தவர், அங்கேயே கணிதம் படித்து 1923 இல் தேறிய பிறகுதான் கேம்பிரிட்ஜ் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோதனைக்கூடம் பற்றிய ஆட்சேபம் மட்டும் கனமானது. சிரியஸ் பி என்ற நட்சத்திரம் மங்கலாக இருந்தும் வெப்பமானது என்று 1915 இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஆடம்ஸ் நிறமாலையில் கண்டிராவிட்டால், வெண்குறுமீன் என்ற புதிர் அவ்வளவு அழுத்தமாக எழுந்திராது. அளவீடு எப்படிப் பிறக்கிறது, எங்கே தவறுகிறது என்று அறியாதவர் கோட்பாட்டாளர் ஆகமாட்டார். ஆகவே ஆறு பருவங்களில் மூன்றில் சோதனைக்கூடம் இருக்கட்டும். ஆறிலும் அதே ஊசலை ஆட்டுவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கணிதத் துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்து இளங்கலையிலேயே இதை நடத்துகின்றன, வானம் இடிந்துவிடவில்லை. வேலைவாய்ப்பு பற்றிய ஆட்சேபம் எல்லா அறிவியல் பட்டத்துக்கும் பொது. அதை இதன் தலையில் மட்டும் கட்ட வேண்டாம்.

சென்னையிலேயே நடந்த முயற்சிகளில், இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூர் ‘ஏகாம்ர நிவாஸ்’ இல்லத்தில் நடத்திய கருத்தரங்கு பற்றிச் சொல்ல நேரம் இல்லை. நீல்ஸ் போர் 1960 இல் வந்து பார்த்த அந்த முயற்சியே கணித அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது. 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் அதைத் தொடங்கிவைத்தவர் சந்திரசேகர். அதுவும் ஆராய்ச்சிக்கான இடமே. சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் கணிதத்தையும் இயற்பியலையும் இணைத்து நடத்தும் இளங்கலை என் வாதத்துக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அது மிகச் சில மாணவர்களுக்கானது. அரசுக் கல்லூரிகளுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது தனி ஆய்வு.

மணி அடித்துவிட்டது, மீதியைக் குறிப்பாகவே சொல்கிறேன். ஆனர்ஸ் கால வினாத்தாள்களைத் தொகுத்து இன்றைய தாள்களோடு யாராவது ஒப்பிட வேண்டும். 1920களில் மாநிலக் கல்லூரி நூலகத்துக்கு எந்த நூல் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும், ஒரு பழைய எம்.ஃபில். ஆய்வின் அளவுக்கு வேலை. அலைடு கணிதத்தை இயற்பியல் ஆசிரியர்களே ஒரு கல்லூரியிலாவது இரண்டாண்டு நடத்திப் பார்க்கலாம். புள்ளியியல் இயங்கியலுக்குத் தமிழில் ஒரு நல்ல பாடநூல் வேண்டும். பாடத்திட்டக் குழு நண்பர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கேள்வி நேரத்தை அவர்களே தொடங்கட்டும்.