கிணற்று நீரும் மலேரியா நுளம்பும்



மலேரியா நுளம்பு தெளிந்த நீரிலேயே முட்டையிடும். அழுக்கு நீரை அது நாடாது என்று பலர் எண்ணியிருக்கின்றனர். ஒரு காலத்தில் இது பெரும்பாலும் பொருத்தமாகவே இருந்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, தென்னிலங்கை ஆறுகள் வற்றின. ஆற்றுப் படுகைகளில் தேங்கிய தெளிந்த குட்டைகளில் நுளம்புகள் பெருகின. அதனால் உண்டான கொள்ளை நோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர்.

ஆயினும், அவ்வெண்ணத்தை நம்பி அழுக்கு நீரை இன்று அசட்டை செய்தல் தகாது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிஸ் கூலிசிபேசிஸ் என்பதாகும். அது அழுக்கடைந்த நீர்நிலைகளிலும் வளர்வதைத் திருகோணமலை மாவட்டத்தில் நடைபெற்று 2013 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. உவர்நீரில் வளரும் அனோபிலிஸ் இனங்கள் நம் குடாநாட்டுக் கரையோரங்களிற் காணப்பட்டுள்ளன. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி 2016 இல் மன்னாரிலும், பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. அது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளர்வது. எனவே, கிணற்றையும் தொட்டியையும் நம்பி வாழும் நாம் விழிப்பாயிருத்தல் அவசியம்.

நீர் மாசுபடுவதால் நுளம்புக்கு என்ன நன்மை என்று நீங்கள் கேட்கலாம். எருவும் உரமும் அழுகிய இலைகுழையும் நீரிற் கலந்தால் பாசியும் நுண்ணுயிர்களும் பெருகும். அவையே நுளம்புக் குடம்பியின் உணவு. அந்நீரில் உயிர்வளி குறைவதால் குடம்பிகளைத் தின்னும் மீன்களும் தும்பிக் குஞ்சுகளும் மடியும். குடம்பியோ நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிப்பது. ஆதலால் அது பிழைத்துக்கொள்ளும்.

பூச்சிமருந்தின் தீங்கு வேறுவகையானது. எஞ்சிய மருந்து வாய்க்காலிற் சேர்ந்தால் நன்மை செய்யும் உயிரினங்கள் முதலில் அழியும். தப்பிய நுளம்புகளின் சந்ததி நாளடைவில் அம்மருந்தைத் தாங்கும் வலிமை பெறும். டி.டி.டி. பயனற்றுப்போன பின்னர், மலத்தியன் என்னும் மருந்தை மலேரியா ஒழிப்புக்கென ஒதுக்கி, பயிர்களுக்கு அதனைத் தெளிப்பது நம் நாட்டில் தடுக்கப்பட்டிருந்ததும் இக்காரணம் பற்றியே.

ஆகையால் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்:

1. எருக்கும்பியைக் கிணறு, துரவு, கேணி ஆகியவற்றிலிருந்து விலக்கி, மழைநீர் வழிந்து அவற்றிற் சேராதவாறு வரம்பிட்டு அமையுங்கள்.

2. உரத்தை அளவறிந்து பிரித்து இடுங்கள். பெருமழைக்கு முன் இடுவதைத் தவிருங்கள்.

3. தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள்.

4. தோட்டத்துத் தொட்டிகளையும் மாட்டுத் தொட்டியையும் வாரமொருமுறை வெறுமையாக்கி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, உலரவிடுங்கள். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் இரு வாரம் செல்லும். அதற்குள் அது அழிந்துபோகும்.

5. பாவியாத கிணற்றை இடைவெளியின்றி மூடுங்கள். பாவிக்கும் கிணற்றில் கப்பி மீன் விடுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். குளத்திலும் கடலேரியிலும் அம்மீனை விடாதீர்கள். அது அங்குள்ள மீன்களுக்கு இடையூறாகும்.

கிணற்று நீரை வாளியில் அள்ளிப் பாருங்கள். நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும் குடம்பி அனோபிலிஸ் இனத்தது. தலைகீழாகத் தொங்குவது வேறினம். எதனைக் கண்டாலும் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

கமக்காரர்களே, நம் நாட்டில் தோன்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 இல் காணப்பட்டார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென உறுதிசெய்தது. எனினும், 1963 இல் 17 பேராகக் குறைந்திருந்த நோயாளர் தொகை, கண்காணிப்புத் தளர்ந்தமையால் அப்பத்தாண்டு முடியுமுன் இலட்சக்கணக்காக உயர்ந்ததை மறத்தலாகாது. நோயாளியைக் கடித்த பின்னரே நுளம்பு நோயைப் பரப்பும். ஆதலின், இந்தியாவுக்கு யாத்திரை சென்றோ ஆபிரிக்க நாடுகளிலிருந்தோ திரும்பியவருக்குச் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும், பயணத்தை வைத்தியருக்குக் கூறி இரத்தப் பரிசோதனை செய்விக்கவேண்டும்.

நோயாளியைக் கண்டறிதல் வைத்தியரின் கடமை. நுளம்புக்கு இடங்கொடாது நீரைக் காத்தல் நம் கடமை. அதனை இந்த வாரமே தொடங்குமாறு உங்களை வேண்டிக்கொள்கிறேன்.